செஞ்சிக்கு நான் வாங்கிப் போன வெள்ளிக்கிழமைப் பிரியாணி

செஞ்சிக்குப் போகிறேன் என்று சொன்னதும் மஸ்கட்டில் என்னோடு வேலை பார்க்கிற நர்ஸ்களெல்லாம் கோட்டை பார்க்கவா என்றுதான் கேட்டார்கள். ஆமாம், கோட்டைதான் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், பக்கத்து வார்டு ஷைனி அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பாள். நீதான் கோயில் வாசலையே மிதிப்பதில்லையே, நீ எப்படி ஞானத்தாய்? அதனால் கோட்டை.

எல்லாம் ஆரோக்கியமேரியால் வந்தது. எங்கள் வார்டைச் சுத்தம் செய்கிற பெண், செஞ்சிக்காரி. அவள் மகள் ஸ்டெல்லாவுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குப் போக அவளுக்கு லீவு தரவில்லை. நீங்கள் போய் நின்றால் நானே போய் நின்ற மாதிரி அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் செல்வராஜ் இறந்தபோது ஒரு மாதம் என் அறையில் வந்து படுத்துக்கொண்டவள் அவள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஞானத்தாய் என்றால் சேலையும் சங்கிலியும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற வேலை என்று பலபேர் நினைக்கிறார்கள். அது இல்லை. குழந்தைக்குப் பேச வராது. நாங்கள் சாமியார் என்று சொல்கிற குருவானவர் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், கடவுளை நம்புகிறீர்களா என்று. பெற்றவர்களும் ஞானப்பெற்றோரும்தான் குழந்தைக்காக ‘நம்புகிறேன்’ என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பிறகு அந்த நம்பிக்கையை அதற்கு ஊட்டி வளர்க்கவும் வேண்டும். என்னிடம்தான் அது கையிருப்பில் இல்லையே.

இரண்டு வருடம் முன்னால் வரை இருந்தது. மஸ்கட்டில் விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் வாரத்தின் பெரிய பூசையும் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான். செல்வராஜ் இருதய ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தார். அவருக்காக வேண்டிக்கொள்ளப் பூசைக்குப் போனேன். பாதிப் பூசையில் போன் அடித்தது. ஓடிப்போய்ப் பார்க்கும்போது முகத்தை மூடியிருந்தார்கள். நான் முட்டி போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே கூப்பிட்டுக்கொண்ட ஆண்டவரோடு அன்று முதல் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமை டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் பூசைக்குப் போகிற நேரத்தில் நான் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன்.

செஞ்சியில் இறங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நான் வந்த பஸ் திண்டிவனம் தாண்டி ஒரு வேலமரத்தடியில் மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார், பிறகு பீடி பற்றவைத்தார். வேறு பஸ் வந்து அதில் நின்றுகொண்டே போய்ச் சேரும்போது நல்ல மத்தியானம். ஊரைச் சுற்றி மலைகள். மலை என்றால் மண்ணும் மரமும் இல்லை, வெறும் பாறாங்கல். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அள்ள மறந்துபோன மாதிரி இருந்தது. எங்கள் தூத்துக்குடியில் உயரமான பொருள் என்றால் உப்பு அம்பாரமும் மாதா கோயில் கோபுரமும்தான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தம் உடைக்கிற வாசனை வந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மட்டன் பிரியாணி கட்டச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடையில் கூட்டமே இல்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இந்த ஊர் ஜனங்களுக்கு ருசி தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

ஸ்டெல்லா வீடு செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை தெரிகிற ஒரு சந்தில் இருந்தது. அவள் புருஷன் லூர்து குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். நெல்மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் கமிட்டி விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுவது அவன் பிழைப்பு. மல்லாட்டை என்றால் நம் நிலக்கடலை. லூர்துவின் அம்மா அந்தோணியம்மாவும் கிராமத்திலிருந்து வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், வயல்வேலை செய்து காய்த்த கை. வந்த விருந்தாளியைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து நின்றார். குழந்தையை என் மடியில் போட்டார்கள். அது என் மூக்கைப் பிடித்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் பொட்டலத்தைப் பிரிக்கிற வரைக்கும்.

வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஸ்டெல்லா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பொட்டலத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி அப்புறம் வருகிறேன் என்று நழுவினார். லூர்துதான் மெல்ல வாயைத் திறந்தான்.

“யக்கா, இன்னிக்கி வெள்ளிக்கெழம.”

“தெரியுமே. அதனாலதானே பிரியாணி,” என்றேன் நான்.

அவ்வளவுதான், வீடே சிரித்துத் தீர்த்தது. குழந்தை பயந்து அழுதது. எனக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கிடையாது என்பது ஒரு கத்தோலிக்கச்சிக்குத் தெரியாதா? சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தூத்துக்குடியில் அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, கறிக்குப் பதில் சீலா மீன் குழம்பு. ஆனால் மஸ்கட் போன பிறகு வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. பூசை முடிந்ததும் செல்வராஜும் நானும் நேரே போய் நிற்கிற இடம் பிரியாணிக் கடை. அவர் போனபிறகு பூசை நின்றது, பிரியாணி நிற்கவில்லை. ஷைனி வாராவாரம் ஆர்டர் போடுவாள், நானும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தோணியம்மாவிடம் சொன்னேன். அவர் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். கோபமெல்லாம் இல்லை.

“தின்னா குத்தம்னு யாரும் அடிக்கப் போறதில்லம்மா. சாமியாருங்ககூட இப்பல்லாம் கேக்கறது இல்ல. ஆனா இன்னிக்கி அவரு செத்த நாளு. சாவு ஊட்ல கறி ஆக்குவாங்களா?”

அடுத்த தெருவில் இருந்த சொந்தக்காரர் ஒருவரைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். இயேசு என்றுகூடச் சொல்லவில்லை, அவர் என்றார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. என் வீட்டிலும் ஒருவர் வெள்ளிக்கிழமைதானே செத்தார். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் ஊசியும் பிரியாணியுமாகக் கழித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு குடும்பம் அதே நாளில் வாராவாரம் கத்திரிக்காய்க் குழம்பை வைத்துத் துக்கம் காக்கிறது. கத்திரிக்காய் பிஞ்சு, குழம்பில் மல்லாட்டை அரைத்து ஊற்றியிருந்தார். ருசியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

பிரியாணி பிரிட்ஜுக்குப் போனது. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்றேன். நாளைக்குச் சனிக்கிழமை, அதோடு அமாவாசை, அவர்கள் தொட மாட்டார்கள் என்றாள் ஸ்டெல்லா. சரி, உன் மாமியாருக்கு என்றேன். அவருக்குச் சனிக்கிழமை மாதா நாளாம், அன்றைக்கும் கறி இல்லை. ஒரு பிரியாணிக்கு இந்த ஊரில் இத்தனை நாள் லீவா என்று கேட்டேன். மறுநாள் காலையில் லூர்து ஒருவனே சூடு பண்ணி அத்தனையையும் சாப்பிட்டு முடித்தான்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் ஒரு செய்தி சொன்னான். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிராமத்துக் கோயிலில். அதற்கு முன்னால் ஞானப்பெற்றோர் சனிக்கிழமை சாயங்காலமே அங்கே போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியார் அதில் ரொம்ப ஸ்ட்ரிக்ட், செய்யாமல் நின்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பிறகு வேறு ஊருக்குப் பூசைக்குப் போய்விடுவார், அதனால் ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள் என்றான்.

சனிக்கிழமை காலையிலேயே விருந்துக்கான அண்டா குண்டானோடு அவர்கள் குட்டியானையில் கிளம்பினார்கள். இவ்வளவு தூரம் வந்து கோட்டை பார்க்காமல் போவதா, பார்த்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். கோட்டையா முக்கியம்? தள்ளிப்போட ஒரு சாக்கு. ரெண்டாவது பிளாட்பாரத்தில் பச்சை டவுன் பஸ், கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான் லூர்து.

கோட்டையின் இன்னொரு மலையான ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால் முன்னால் ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். களஞ்சியத்துக்குள் போய் நின்றேன், எத்தனை வெயிலிலும் உள்ளே ஜில்லென்று இருந்தது. மலையேறும் வழியில் ஒரு குரங்கு என் பையிலிருந்த பன் பாக்கெட்டை என்னிடம் கேட்காமலே வாங்கிக்கொண்டது. இறங்கி வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம், மேலே போய் அப்படி என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்டாள். நம்ம வீட்டைத்தான் பார்த்தேன், சின்னதாக இருக்கிறது என்றாள் அவள். நான் பாதி மலையோடு நிறுத்திக்கொண்டேன். முட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

நிழல் இருந்த ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து சாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மஸ்கட்டிலேயே பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று என்று பொய் சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தப் பொய்யையும் சேர்த்து இன்னொரு பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விரட்டிவிடுவாரோ என்று பயம். அப்படி நடந்தால் ஆரோக்கியமேரி முகத்தில் எப்படி முழிப்பேன்?

பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் விழ இடமில்லை. மஞ்சள் சேலைகள், கையில் எலுமிச்சம்பழப் பைகள், வேப்பிலைக் கொத்துகள். ரெண்டாவது பிளாட்பாரத்தில் பச்சை பஸ் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொன்னானே, ஏறினேன். கூட்டமே என்னைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது. கண்டக்டர் யாரையும் எங்கே என்று கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துக்கொண்டே போனார். மூக்குக் கண்ணாடி பைக்குள் இருந்தது. படித்துப் பார்க்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த பெண் ஒடுங்கி உட்கார்ந்து எனக்குப் பாதி சீட் கொடுத்தார். வந்தவாசிப் பக்கம், பேர் அஞ்சலை. வேகவைத்த மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். உப்பு பதமாக இருந்தது. உப்பு விஷயத்தில் தூத்துக்குடிக்காரியை ஏமாற்ற முடியாது.

எங்கே போகிறாய் என்று கேட்டார். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், நான் ஞானத்தாய் என்றேன். அப்படி என்றால் என்ன என்றார். நர்ஸ் வேலையில் இத்தனை வருடம் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எங்கள் கூட்டத்துக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்க மாட்டார்கள். இப்போது முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றுவது, பழைய வாழ்க்கை செத்துப் புது வாழ்க்கை பிறக்கிறது என்பதற்கு. வெள்ளை உடுப்பு எதற்கு, மெழுகுவர்த்தி எதற்கு, நெற்றியில் எண்ணெய் எதற்கு. ஆண்டவர் அந்தக் குழந்தையைப் பேர் சொல்லித் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்கிறார் என்றேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்ததெல்லாம் தடங்கல் இல்லாமல் வாயில் வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது அழகாக இருந்தது. யாரோ சொல்ல நான் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அஞ்சலை தோலை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுக் கேட்டார். “அப்ப நீ சொல்ற வார்த்தைய வெச்சுத்தான் சாமி அந்தக் கொழந்தைய எடுத்துக்குது. உனக்கு நம்பிக்க இருக்குதா?”

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தது, இப்போது கோபம்தான் இருக்கிறது என்றேன். செல்வராஜ் கதையையும் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டவில்லை. இன்னொரு கை மல்லாட்டை அள்ளி வைத்தார்.

“எனக்கும் அங்காளம்மாகிட்ட அப்படித்தான். எம்பொண்ணு போனப்பறம் மலையனூரு பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்கல. அப்பறம் ஒரு அமாவாசைக்குத் திட்டறதுக்குன்னே கெளம்பி வந்தேன். வந்தாத்தான திட்ட முடியும்? ஊட்ல குந்திக்கினு திட்டுனா யாருக்குக் கேக்கும்?”

நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. மலையனூரா? இந்த பஸ் எங்கே போகிறது? மேல்மலையனூர்தான் என்றார் அஞ்சலை, இன்றைக்கு எல்லா பஸ்ஸும் அங்கேதான். அமாவாசைக்கு டவுன் பஸ்ஸையெல்லாம் அங்காளம்மன் கோயிலுக்குத் திருப்பிவிடுவார்களாம். வெளியே பார்த்தால் முன்னால் பஸ், பின்னால் பஸ், நடுவில் டிராக்டர். இறங்கித் திரும்பிப் போகவும் வழியில்லை. லூர்துவுக்குப் போன் போட்டால் டவர் கிடைக்கவில்லை. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். அப்பாடா, தப்பித்தோம். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? பஸ் செய்தது, அமாவாசை செய்தது. இறங்கியதும் அஞ்சலை என் கையைப் பிடித்துக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். கடைக்காரரிடம் இந்த அம்மாவின் ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்று உத்தரவு போட்டார். எனக்காக அம்மனிடமும் இரண்டு வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்று சிரித்துவிட்டு எலுமிச்சம்பழப் பையோடு கூட்டத்தில் கலந்துவிட்டார். டீக்கடைக்காரர் போனில் லூர்து கிடைத்தான்.

பொழுது சாயும்போது பைக்கில் வந்து சேர்ந்தான். நான்தான் அமாவாசையை மறந்துவிட்டேன் என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டான். இருபக்கமும் நெல்வயல், தவளைச் சத்தம், பாறைமலைகள் கறுத்துக்கொண்டு வந்தன. சாமியார் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். பரவாயில்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். ஆனால் அந்த நிம்மதி ராத்திரிச் சாப்பாட்டைத் தாண்டவில்லை. ஸ்டெல்லா குழந்தையின் வெள்ளைக் கவுனை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வந்தால்தானே திட்ட முடியும் என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

ஞாயிறு காலை பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நானே கோயிலுக்குப் போனேன். ஓட்டுக்கட்டடம், அந்தோணியார் கோயில். ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமியார் அப்போதுதான் பைக்கிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். முப்பது வயதுதான் இருக்கும். தோத்திரம் சாமி என்றேன். நேற்று மலையனூர் போய்விட்டு வந்தீர்களாமே என்று சிரித்தார். ஸ்ட்ரிக்ட்டான ஆள் சிரிக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டு நிறையத் தேருக்குப் போடுகிற சீரியல் பல்பு. அதனால் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டோம். எனக்கு ஜெபம் மறந்துபோயிருந்தது. நான் திட்டத்தான் வந்திருக்கிறேன் சாமி என்று ஆரம்பித்தேன். இரண்டு வருடமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. எனக்குக் குரல்கூட உயர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் கட்டுகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு, நாகரிகமாகக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் முடித்த பிறகு சாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், போன் அடித்தபோது பூசை எதுவரைக்கும் வந்திருந்தது என்று.

சமாதானம் சொல்கிற இடம் என்றேன். நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்வோமே, அந்த இடம். பக்கத்துப் பெண் எனக்குக் கைகூப்பினாள், நான் திருப்பிக் கூப்பாமலே ஓடிவிட்டேன்.

“அப்படின்னா அந்தப் பூசை உங்களுக்கு இன்னும் முடியலம்மா,” என்றார். “இன்னிக்கு அதை முடிச்சிடுங்க. அதான் அபராதம்.”

அபராதம் என்றால் பாவமன்னிப்போடு குருவானவர் நமக்குக் கொடுக்கிற பரிகாரம். வழக்கமாகப் பத்து ஜெபம், ஒரு ஜெபமாலை என்று இருக்கும். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. விரட்டவும் இல்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கையை என் தலைக்கு மேல் நீட்டி மன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது என்று அங்கியை மாட்டிக்கொள்ள உள்ளே ஓடினார்.

பூசையில் அந்தோணியம்மா பக்கத்தில் நின்றேன். மஸ்கட்டில் ஏசி கோயில், பல நாட்டுக்காரர்கள், திரையில் பாட்டு ஓடும். இங்கே தரையில் சப்பணம் போட்ட ஜனம், பாட்டுக்கு ஒரு ஆர்மோனியம், வாசலில் ஒரு வெள்ளாடு. பூசை ஒன்றுதான். சமாதானம் சொல்கிற இடம் நெருங்கியது. போன் அடித்துவிடுமோ என்று பையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தோணியம்மா என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, சமாதானம் என்றார். நானும் கூப்பினேன். அவர் அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். நான் கூப்பிய கையைப் பிரிக்க முடியாமல் நின்று அழுதேன். இரண்டு வருடமாகச் சுமந்த மூட்டையை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்ததுபோல இருந்தது. போய் நற்கருணை வாங்கிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். லூர்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், அதில் ஆரோக்கியமேரி மஸ்கட்டில் எங்கள் வார்டு வராண்டாவில் யூனிபார்மோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். கடவுளை நம்புகிறீர்களா என்று சாமியார் மூன்று தரம் கேட்டார். முதல் ‘நம்புகிறேன்’ எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது வெளியே வந்தது. மூன்றாவது மைக்கில் ஊருக்கே கேட்கும்படி போய், முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். குழந்தை ஜெசிகா மேரி தலையில் தண்ணீர் விழுந்ததும் கோயில் இடிகிற மாதிரி கத்திவிட்டு, என் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

பந்தலில் இலை போட்டார்கள். அண்டாவைத் திறந்தால் மட்டன் பிரியாணி. வெள்ளிக்கிழமை வாங்கிய சூட்டில் நான் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கரண்டியோடு வந்த அந்தோணியம்மா அதைப் பார்த்துவிட்டு, பெரிய துண்டாகப் பார்த்து இலையில் வைத்தார்.

“தின்னும்மா. செத்தவரு இன்னிக்கி எழுந்துட்டாருல்ல.”

செல்வராஜுக்குப் பிடித்த அடிப்பிடித்த சோறாகக் கேட்டு வாங்கி, அவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். சீரகச்சம்பா, காரம் கொஞ்சம் தூக்கல். வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

கை கழுவிவிட்டு வந்தால் போனில் ஷைனியின் மெசேஜ். கோட்டை எப்படி இருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு உனக்கும் சேர்த்துப் பிரியாணி சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பதில் அடித்தேன். கோட்டையில் பாதிதான் ஏறினேன். வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி வேண்டாம், பூசைக்குப் போகிறேன். பிரியாணியும் வேண்டாம். ஏன் என்று வந்து சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.